ஆறாம் ஈடு

மழைக்கு உப்பளம் அடைத்த பத்தாம் நாள் காலையில், இன்னாசியின் கூண்டில் தொங்கிய மண்கலயத்துக்குள் பெண்குருவி தன் முதல் குஞ்சின் வாயில் அலகை விட்டு இரையைக் கக்கியபோது, எட்டாம் நம்பர் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் வயிறு நிறைந்தது.

ஏன் என்று கேட்டால் தெரியாது. கேட்டவர்களும் அதிகமில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் ஒரு கோயில் மணிக்கம்பத்தையும் எல்லையாக வைத்துக்கொண்டு கிடக்கும் குடியிருப்பு அது. ஐப்பசி பிறந்தால் மழை, மழை விழுந்தால் பாத்தியில் உப்பு கரையும், உப்பு கரைந்தால் வேலை கிடையாது, வேலை இல்லாத மூன்று மாதமும் ஒரு வேளைக் கஞ்சிதான், அதையும் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டுப் பெரியவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வயிறு தானாக நிறைந்தால் யார் உட்கார்ந்து காரணம் கேட்கப்போகிறார்கள்?

இன்னாசிக்கு வயது அறுபத்தொன்று. அளத்தில் கிணற்று மோட்டார் ஓட்டுகிறவர். உப்புத்தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைத்துவிட்டு முப்பது வருஷமாக வெள்ளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், கண்ணுக்குள்ளும் வெள்ளை படிந்து மற்ற நிறமெல்லாம் மங்கிப்போய், சிவப்பும் ஆரஞ்சும் மட்டும் மிஞ்சியிருந்தன. பதினோரு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரன் ஒருவன் அட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு ஜோடி பின்ச் குருவியைக் காட்டினான். கட்டைவிரல் பருமனில் ஒரு சாம்பல் பறவை, அதன் முகத்தில் மிளகாய்ப் பழம்போல ஓர் அலகு. அந்த அலகு அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்காகத்தான் வாங்கினார். பிறகு ஆறு ஜோடியாகப் பெருகியது.

பேச்சு குறைந்த மனிதர். பேசினாலும் பாதி வசை. ஆனால் குருவி முட்டையிட்டுப் பொரிக்கிற, ஈடு வைக்கிற காலத்தில் அவர் கை வேறு கை. தினையை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி முளை கட்டுவார். முட்டையை அவித்து, ஓட்டோடு நசுக்கி, ரஸ்க் தூளில் பிசறி, முருங்கை இலையை மயிர்போல நறுக்கித் தூவுவார். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைச் சுரண்டிக் கூண்டுக் கம்பியில் செருகுவார். இந்த முட்டைத் தீனி அலகில் பட்டால்தான் பெண்குருவிக்கு ஈடு வைக்கத் தோன்றும். நிறுத்திவிட்டு வெறும் தினையைப் போட்டால் அடங்கிவிடும். உப்பு மட்டும் ஆகாது. ஒரு சிட்டிகை உள்ளே போனால் குஞ்சு செத்துவிடும். அளத்துக்காரன் கைவெடிப்பில் எப்போதும் உப்பு இருக்கும் என்பதால், தீனி பிசைவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கை கழுவுவார். குடிக்கவே குடம் கணக்காய்ப் பிடிக்கிற ஊரில் இரண்டு தடவை.

பக்கத்து வீட்டு மாடத்திக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

"பொண்டாட்டிக்கு ஒரு டம்ளர் சுக்குத்தண்ணி போட்டுக் குடுத்திருப்பியளா அண்ணாச்சி? குருவிக்கு மட்டும் முட்டை அவிக்கத் தெரியுது."

"ஒன் வேலையப் பாரு."

"எங்க மைனிக்கும் ஒரு அலகு வச்சு அனுப்பிருக்கணும் ஆண்டவரு."

மைனி என்றது வியாகம்மாவை. இன்னாசியின் மனைவி. அவள் உள்ளறையில் பாயில் கிடந்தாள். ஆவணியில், வேலைக்கு ஆள் ஏற்றிப்போன வேன் கவிழ்ந்து மகள் அமலி செத்துப்போனாள். இருபத்துமூன்று வயது. ஒரே பிள்ளை. அடக்கம் முடிந்து வந்து பாயை விரித்தவள்தான் வியாகம்மா, பிறகு சோற்றைத் தொடவில்லை. மாடத்தி வந்து தாடையைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினால் இரண்டு வாய் கஞ்சி இறங்கும், மறுநாள் அதுவும் இறங்காது. இன்னாசி வாசற்படியில் நின்று, "தின்னா தின்னு, தின்னாட்டிப் போ" என்று கத்துவார். கத்திவிட்டுக் கூண்டுக்குப் போய்விடுவார். ஐப்பசி வந்தபோது அவள் பாய்க்கும் தரைக்கும் வித்தியாசமில்லாமல் ஆகியிருந்தாள்.

அந்தப் பத்தாம் நாள் காலையில் கலயத்துக்குள் குஞ்சு கத்துகிற சத்தம் கேட்டு இன்னாசி காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, உள்ளறையிலிருந்து ஓர் ஏப்பம் கேட்டது. நீளமான, நிறைந்த ஏப்பம். இரண்டு மாதமாகத் திறக்காத வாயிலிருந்து.

உள்ளே போனார். வியாகம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தக் குடுத்திய எனக்கு?"

"நான் ஒண்ணும் குடுக்கல."

"வயிறு நெறஞ்சிருக்கு" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

அன்று மத்தியானம் குடியிருப்பில் ஓர் அடுப்பும் எரியவில்லை. முதல் நாள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே கூசினார்கள். இரண்டாம் நாள் குழாயடியில் பேச்சு வெளியே வந்தது. மூன்றாம் நாள் லோடு ஏற்றுகிறவர்களுக்குத் தலைவரான பூலோகம், குடியிருப்பைச் சுற்றி நடந்துபார்த்து, மணிக்கம்பத்தைத் தாண்டினால் பசிக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் பசி போய்விடுகிறது, தொட்டிக்கு அந்தப் பக்கமும் அப்படியே என்று கண்டுபிடித்துச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குள் நடுவில் இருந்தது இன்னாசியின் கூண்டு. பெண்குருவி குஞ்சுக்கு ஊட்டும்போது நிறைந்தது, அது ஓய்ந்தால் இவர்களுக்கும் ஓய்ந்தது. மற்ற ஐந்து ஜோடிகளும் குஞ்சு பொரித்துத்தான் பார்த்தன. அவற்றின் குஞ்சுகளுக்கு நிறைந்தது, அவ்வளவுதான்.

பிறகு பழகிப்போயிற்று. எதுவும் பழகும்.

முறை வைத்து வீட்டுக்கு ஒரு முட்டை என்று தினமும் இன்னாசி வாசலுக்கு வந்தது. பெண்கள் கடற்கரைக்குப் போய் முந்தானையில் கணவாய் ஓடு பொறுக்கி வந்தார்கள். குருவி மிரண்டால் கூட்டை விட்டுவிடும் என்று இன்னாசி ஒரு தடவை சொன்னதை வைத்து, அந்தத் தீபாவளிக்கு ஒரு வெடி வெடிக்கவில்லை, கோயிலில் மைக் கட்டவில்லை, சண்டை போடுகிறவர்கள்கூட மணிக்கம்பத்தைத் தாண்டிப் போய் நின்று வைதுகொண்டு, பசி எடுத்ததும் திரும்பி வந்தார்கள். அடுப்புக்குள் பூனை குட்டி போட்டது. ரேஷன் அரிசியில் வண்டு வைத்தது. மிச்சம் மீதி விழாததால் காகங்கள் முதலில் போயின, அடுத்து நாய்கள் போயின, கடைசியில் எறும்பும் வரிசை கட்டி மணிக்கம்பத்தைத் தாண்டிப் போயிற்று. ஒரு கல்யாணம் நடந்தது. இலை போட்டார்கள், எல்லாரும் உட்கார்ந்தார்கள், வெறும் இலையை ஒரு நிமிஷம் பார்த்தார்கள், மடக்கினார்கள், எழுந்து கை கழுவினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர். சாப்பாடு நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மெல்லாமல் இருந்து தாடை நோகிறது என்று ஆண்கள் நாள் முழுக்க வெற்றிலை போட்டார்கள். பெண்கள் மத்தியானத்தில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தெரிந்துகொண்டார்கள். தூங்கினார்கள்.

ஒரு குறை இருந்தது. அந்த நிறைவில் உப்பில்லை.

குருவி தின்ற தீனி எதுவோ அதுதான் இவர்கள் வயிற்றிலும் இருந்தது: அவித்த முட்டையும் முளைத் தினையும் கலந்து மென்று விழுங்கின மாதிரி, மெத்தென்று, சப்பென்று ஒரு நிறைவு. நாக்கில் உப்பை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். மணலை வைத்ததுபோல இருந்தது, துப்பினார்கள். மார்கழியில் ஒரு கிழவர் இறந்தார். மகள்கள் மூன்று பேர் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள், கண்ணில் நிறையத்தான் வந்தது, ஆனால் உதட்டில் பட்டபோது குழாய்த் தண்ணீர்போல இருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அடக்கத்தை அழுகையில்லாமல் முடித்தார்கள். அதுவும் பழகிற்று.

வியாகம்மா தேறினாள். தேறினாள் என்றால், கன்னத்தில் கொஞ்சம் சதை, எழுந்து நடந்தாள், கொடியில் துணி போட்டாள். இன்னாசி கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு கண்ணின் ஓரத்தால் அவளைப் பார்ப்பார். பார்த்துவிட்டு முட்டையை இன்னும் கொஞ்சம் நசுக்குவார்.

ஆனால் ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. குஞ்சுகள் வெளியே வந்து தானாகக் கொத்தத் தொடங்கிவிட்டால் தாய் ஊட்டுவதை நிறுத்திவிடும். அடுத்த முட்டைகளை இட்டு, அடைகாத்து, அவை பொரிக்கப் பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். அந்த நாட்களில் பசி முழுசாகத் திரும்பி வந்தது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு பூனையை விரட்டிவிட்டு அடுப்பு பற்றவைத்தார்கள். பற்றவைக்கச் சோம்பல்பட்டவர்கள் பட்டினி கிடந்து முட்டை விரியக் காத்திருந்தார்கள். வியாகம்மா மட்டும் மறுபடி பாயை விரித்தாள். வாயை மூடினாள். பதினைந்து நாளில், அதுவரை ஏறினதெல்லாம் இறங்கியது. குஞ்சு கத்தினதும் அவள் ஏப்பம் விட்டு எழுவாள், எழுந்து, பூட்டின வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டதுபோல இன்னாசியைப் பார்ப்பாள்.

குருவி வளர்க்கிறவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. மூன்று ஈடு. அதற்கு மேல் கலயத்தை எடுத்துவிட வேண்டும். முட்டைத் தீனியை நிறுத்தி, வெறும் தினையைப் போட்டு, பெண்ணுக்கு ஒரு பருவம் ஓய்வு கொடுக்க வேண்டும். அதுவாக நிறுத்தத் தெரியாது அதற்கு. கலயம் தொங்குகிறவரை, அலகில் முட்டை படுகிறவரை, எலும்பைக் கரைத்தாவது இட்டுக்கொண்டே இருக்கும். இன்னாசி பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த நியாயத்தை மீறினதில்லை.

தை கடைசியில் மூன்றாம் ஈட்டுக் குஞ்சுகள் தனியாகத் தின்னத் தொடங்கின. ஸ்டூலில் ஏறிக் கலயத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். ஆண்குருவி அது இருந்த இடத்தில் வந்து தொங்கிப் பார்த்தது.

சாயங்காலத்துக்குள் பூலோகம் பத்துப்பேரோடு வந்துவிட்டார்.

"கலயத்த எடுத்துட்டதாக் கேள்விப்பட்டோம் அண்ணாச்சி."

"ஆமா."

"எப்ப மாட்டுவிய?"

"ஆவணில."

கூட்டத்தில் யாரோ நெஞ்சில் கை வைத்தார்கள்.

"அளம் தொறந்தாச்சுல்லா. கூலி வருதுல்லா. போய் அடுப்பப் பத்த வையுங்கவே" என்றார் இன்னாசி. "மழையில, ஒண்ணும் இல்லாத நேரத்துல கெடச்சுது. அதோட விடுங்க."

மாடத்தி முன்னால் வந்தாள். இந்தத் தடவை கேலி பேசவில்லை. இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். "இந்தக் கையப் பாருங்க அண்ணாச்சி. வெள்ளன எந்திரிச்சு சோறு வடிச்சு வச்சுட்டு, நாள்பூரா உப்பு செமந்துட்டு, வந்து திரும்ப அடுப்படில நின்ன கை. மூணு மாசமா இதுல ஒரு சூட்டுக் காயம் இல்ல. திருப்பி அங்கனயே போவச் சொல்லுதியளா?"

"குருவி செத்துரும்."

"குருவிதான அண்ணாச்சி" என்றார் பூலோகம், மெதுவாகவே. "எங்களுக்காவ வேண்டாம். மைனியப் பாருங்க. கலயம் இல்லன்னா அவ்வொ கதி என்ன?"

இன்னாசி அவரை வைதார். அவர் அப்பாவை வைதார். எல்லாரையும் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பத்து நாள் பொறுத்தார். பத்தாம் நாள் வியாகம்மாவைத் தூக்கி உட்காரவைக்கப்போனபோது, ஈரத்துணியைத் தூக்குகிற கனம்கூட இல்லை. வெளியே வந்தார். கலயத்துக்குள் புதுத் தேங்காய் நார் திணித்தார். ஸ்டூலில் ஏறினார். மாட்டினார்.

இரண்டு தடவை கை கழுவிவிட்டு முட்டையை உரித்தார்.

மாசியில் நாலாம் ஈடு. நடுவில் வரும் இடைவெளியை அவரால் பொறுக்க முடியவில்லை. அதனால் ஐந்தாம் ஈட்டுக்காக நாலாம் ஈட்டுக் குஞ்சுகளை நாள் முந்தியே பிரித்து வேறு கூண்டில் விட்டார், முட்டைத் தீனியை இரட்டிப்பாக வைத்தார். தவக்காலம் வந்தது. கோயிலில் ஜெபம் சொல்லிவைக்கிற உபதேசியார் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"இன்னாசி, வெள்ளிக்கிழம ஒருசந்தி இருக்கணும்லா. வயிறு நெறஞ்சிக்கிட்டே இருந்தா அது என்ன ஒருசந்தி? பங்குச் சாமியாரு கேட்டா நான் என்ன சொல்ல? வெள்ளிக்கிழம மட்டும் கூண்டத் தூக்கி மணிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் வச்சிருங்களேன்."

"அசச்சாக் கூட்ட விட்டுரும்."

"ஒரு நாளைக்குத்தான்."

"ஒமக்கு ஒருசந்தி வேணும்னா நீரு அங்கன போய் உக்காரும்."

உபதேசியார் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு வெள்ளியும் மணிக்கம்பத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பசியோடு அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். குடியிருப்பில் அந்த வருஷம் ஒருசந்தி நோன்பு பிடித்தவர் அவர்தான்.

பங்குனி வெயில் ஏறினது. கோட்டுக்கு வெளியே, பசியைப் பொறுத்துக்கொண்டு, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நின்ற இடத்தில் சரிந்தார்கள். வியர்த்துக் கொட்டியது, ஆனால் சட்டையில் வெள்ளை பூக்கவில்லை. உடம்பில் இருந்த உப்பெல்லாம் எப்போதோ போய், வெறும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு இழுத்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு உப்பு குவிந்துகிடக்க, உப்பில்லாமல் விழுந்தார்கள். கால்வெடிப்பில் உப்புத்தண்ணீர் பட்டால் எரியவில்லை என்று அதிலும் ஒரு நன்மையைக் கண்டுபிடித்தார்கள். எரியாததால் புண் எலும்புவரை போனது தெரியவில்லை.

பெண்குருவியின் அலகு வெளுத்தது. இன்னாசிக்கு உலகத்தில் தெரிந்த இரண்டு நிறத்தில் ஒன்று அது. முதலில் மிளகாய்ப் பழம்போல இருந்தது ஆரஞ்சாகி, பிறகு ஊறின பப்பாளித் தோல்போல ஆகி, ஒருநாள் காலையில் அவர் எவ்வளவு உற்றுப் பார்த்தும் அலகு எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கழுத்தில் இறகு கொட்டியிருந்தது. ஆனால் ஊட்டியது. ஐந்து குஞ்சும் வாயைப் பிளக்க, கலயத்தின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று நடுங்கிக்கொண்டு ஊட்டியது.

அன்றைக்கு மத்தியானம் வியாகம்மா தானாக எழுந்து பின்கட்டுக்கு வந்து கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது எத்தனாவது ஈடு?"

"மூணு."

"பொய் சொல்லாதிய. எனக்கு அஞ்சு தடவ நெறஞ்சிருக்கு."

இன்னாசி தினையைப் புடைத்தார்.

"இதப் பாருங்க" என்றாள். "நிக்க மாட்டாம நிக்கி. அது வாயில இருந்து புடுங்கி எனக்குப் போடுதிய."

"போடாட்டி செத்துருவ."

"அது எம்பாடு."

"ஒம்பாடா?" என்று கத்தினார். முறம் கையில் இருந்து விழுந்தது. குருவி மிரண்டு கம்பியில் மோதியது. அவர் குரலை அடக்கினார். "ஒம்பாடுன்னா எம்பாடு என்னட்டி?"

அவள் கன்னத்தில் வழிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, அந்த விரலை அவரிடம் நீட்டினாள்.

"அமலிக்கு அழுவணும் எனக்கு. எட்டு மாசமாவுது. மொத ரெண்டு மாசம் கண்ணுல ஒண்ணும் வரல, கல்லாட்டம் கெடந்தேன். இப்ப வருது. வந்து என்ன? தண்ணி. மூஞ்சி கழுவுன தண்ணி. எம்பிள்ளைக்கு இதையா குடுக்க? கலயத்த எடுங்க. பசிச்சாத்தான் எனக்கு அழுவ வரும்."

"பசிச்சா நீ திங்க மாட்ட."

"நீங்க என்னிக்கு எனக்குத் தின்னக் குடுத்திய, திங்க மாட்டேன்னு சொல்ல?"

முறத்தைப் பொறுக்கினார். தினை மண்ணில் கிடந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் கையால் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தது உண்டா என்று யோசித்துப் பார்த்தார். வீட்டில் உலை வைப்பது அவள் வேலை, அவளுக்கு முடியாதபோது அமலியின் வேலை, அமலிக்குப் பிறகு மாடத்தியின் வேலை. அவர் கலயத்தை எடுக்கவில்லை. எடுத்தால் செத்துவிடுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சித்திரை பிறந்ததும் ஐந்தாம் ஈட்டுக் குஞ்சுகளைப் பிரித்தார். புது நார் வைத்தார். முட்டை நசுக்கினார்.

ஆறாம் ஈட்டுக்கு இரண்டு முட்டை இட்டது. மூன்றாவது வரவில்லை.

காலையில் போய்ப் பார்த்தபோது கூண்டின் தரையில் பந்துபோலச் சிலிர்த்துக்கொண்டு, வால் மட்டும் மேலும் கீழும் ஆட உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்தார். அடிவயிற்றில் முட்டை தட்டுப்பட்டது. ஓடு கட்டாத, தோல் போன்ற முட்டை. ஓடு கட்ட அதன் உடம்பில் சுண்ணாம்பு மிச்சமில்லை. விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தீக்குச்சி முனையில் தொட்டு வைத்தார். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் மேல் வைத்தார். செய்தி பரவிப் பின்கட்டு நிறைந்துவிட்டது. வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆடு மாடு என்றால் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் ஜெபம் சொன்னார்கள், சிலர் சுடலைமாடனுக்குச் சேவல் நேர்ந்தார்கள். மாடத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயிலில் இன்னாசியின் உள்ளங்கையில் ஒரு தடவை கால்களை நீட்டியது. பிறகு மடக்கவில்லை.

பூலோகம்தான் தொண்டையைச் செருமினார்.

"சேவக்குருவி இருக்குல்லா. ரெண்டு முட்டையும் இருக்கு. வேற பொட்டையக் கொண்டாந்து விட்டா..."

இன்னாசி செத்த குருவியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினார். கலயத்தைக் கழற்றி, இரண்டு முட்டையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, கலயத்தைச் சுவரில் அடித்தார். ஒரே அடி. நாரும் ஓடும் சிதறின.

"போங்க" என்றார். "போய் ஒல வையுங்க."

போனார்கள். கோபப்படவும் தெம்பு இல்லாமல் போனார்கள். முட்டை விரியும் என்று அடக்கிவைத்திருந்த பசி மத்தியானம் சாய்கிற நேரத்தில் வந்தது. ஆறுமாதத்துப் பசி எங்கோ மணிக்கம்பத்துக்கு வெளியே கட்டிவைத்திருந்ததுபோல, அவிழ்த்துவிட்டதும் ஓடி வந்து ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தது. பிள்ளைகள் அலறின. வண்டு வைத்த அரிசியைப் புடைத்தார்கள். ஈர விறகு புகைந்தது. மாடத்தி வீட்டில்தான் முதலில் புகை வந்தது, அவள் அடுப்பை ஊதிக்கொண்டே யாரையென்று இல்லாமல் வைதுகொண்டிருந்தாள்.

இன்னாசி உள்ளறையை எட்டிப் பார்த்தார். வியாகம்மா பாயை விரித்துப் படுத்துவிட்டாள். முகம் சுவர்ப்பக்கம்.

அடுப்படிக்குப் போனார். எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கை கழுவினார். அன்றைக்கு முறைக்கு வந்திருந்த முட்டையை அவித்தார். நசுக்கினார். ரஸ்கைத் தூள் பண்ணிப் பிசறினார். முருங்கை இலையை மயிர்போல நறுக்கித் தூவினார். ஓட்டை மட்டும் எடுத்துவிட்டார். ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவள் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி."

கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"குருவி செத்துட்டு."

அவள் திரும்பினாள். அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று விரலால் கொஞ்சம் எடுத்து அவள் வாய்க்கு முன்னால் நீட்டினார். அவள் உதடு மூடியே இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது, வடிக்கிற சத்தம் கேட்டது, தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. தோள் கடுத்தது. கையை எடுக்கவில்லை.

"வாயத் தொற" என்றார். அதட்டித்தான் சொன்னார்.

வியாகம்மா வாயைத் திறந்தாள்.

ரொம்ப நேரம் மென்றாள். எட்டுமாதமாய் எதையும் மெல்லாத தாடை. விழுங்கினாள். கூரையைப் பார்த்தாள்.

"உப்பு இல்ல" என்றாள்.

இன்னாசி எழுந்து ஓடினார். உப்பு ஜாடி மழை ஈரத்தில் ஊறி வெயிலில் இறுகிப் பாறையாகியிருந்தது. அம்மிக் குழவியை எடுத்து ஜாடியோடு உடைத்தார். ஒரு துண்டைப் பொடித்துக் கொண்டுவந்து கிண்ணத்தில் தூவினார். இரண்டாம் வாய் கொடுத்தார். மூன்றாம் வாயை வாங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிறைந்து, மூக்கோரமாக வழிந்து, உதட்டில் இறங்கியது. நாக்கு நுனியால் அதைத் தொட்டாள்.

பிறகு அழுதாள். எட்டுமாதத்தையும் சேர்த்து அழுதாள். "அமலி" என்று அவள் போட்ட முதல் சத்தத்தில் குடியிருப்பில் சோற்றில் கை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். மார்கழியில் செத்த கிழவரின் மகள்கள் மூன்று பேரும் தட்டை நகர்த்திவிட்டு, வாசலுக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். வெளிச்சம் போகும்வரை நாற்பத்திரண்டு வீட்டிலும் யாராவது ஒருவர் அழுதுகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் தின்றது மூன்று வாய். அதற்கு மேல் வேண்டாம் என்றுவிட்டாள். மறுநாள் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு இன்னாசி பின்கட்டுக்கு வந்து, குருவியை முருங்கை மரத்து மூட்டில் புதைத்தார். கூண்டில் ஆண்குருவி, கலயம் தொங்கிய கம்பிக்கு நேர்கீழே, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. வெறும் தினையை அள்ளிப் போட்டார்.

அது அன்றைக்குத் தின்னவில்லை. மறுநாள் தின்றது.